நிமிடத்துக்கு இருபத்தாறரை ஆண்டு

நேற்று மாலை லிஃப்டில் மூன்றாம் மாடிக்காரர் பிடித்துக்கொண்டார். "மூணு மாசம் பையன்கிட்ட இருந்துட்டு வந்திருக்கீங்க. என்னெல்லாம் கவர் பண்ணினீங்க சார்?"

பர்மிங்காமிலிருந்து ஒரு சனிக்கிழமை லட்லோ போனோம் என்றேன்.

"லட்லோவா? ஸ்டோன்ஹெஞ்ச் பண்ணலையா? ஷேக்ஸ்பியர் வீடு? பக்கத்துலதானே!" முகத்தில் உண்மையான துக்கம். "லட்லோல அப்படி என்ன இருக்கு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூன்றாம் மாடி வந்துவிட்டது. மனிதர் இறங்கிப் போய்விட்டார். நான் ஐந்தாம் மாடி. பதிலை விழுங்கிக்கொண்டு வீடு வந்தவனுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. லட்லோவில் அப்படி என்ன இருக்கிறது என்பதற்கு என்னிடம் அருமையான பதில் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

லட்லோ, ஷ்ரோப்ஷயரில் வேல்ஸ் எல்லையோரம், டீம் ஆறு வளைத்துக்கொண்டு போகும் ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் நார்மன்காரர்கள் கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலிலேயே சந்தை. இன்றும் அதே இடத்தில்தான் கடை போடுகிறார்கள். இதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம் என்று காரை விட்டு இறங்கினால், பையன் பார்க்கிங் இயந்திரத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சீட்டு எடுத்துக்கொண்டிருக்கிறான்.

"நாலு மணி நேரமா எடுத்துடேன்டா."

"சின்ன ஊர்தான்பா. ரெண்டு போதும். அப்புறம் ஸ்டோக்சே வேற கவர் பண்ணணும்."

சொல்லிவிட்டு கைப்பேசியில் அலாரம் வைத்தான். நான் முப்பத்தாறு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன். கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 120 நிமிடம். இயந்திரத்தோடு மல்லுக்கட்டியதில் 9 போயிற்று. கழிவறைக்கு 11. காருக்குத் திரும்ப 12. சந்தையில் என் மனைவி பாலாடைக்கட்டிக் கடையில் பல்குச்சியில் குத்திக் கொடுத்த மாதிரித் துண்டுகளை ஒவ்வொன்றாக ருசித்து, கடைசியில் எதுவும் வாங்காமல் நகர்ந்ததில் 14. தேவாலயம், ஆற்றங்கரை எல்லாம் கழித்தால் கோட்டைக்கு மிஞ்சியது 35 நிமிடம்.

கோட்டைக்கு வயது ஏறக்குறைய 930. வகுத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு இருபத்தாறரை ஆண்டு வருகிறது.

இந்தக் கணக்கு ஒருமுறை மண்டைக்குள் புகுந்துவிட்டால் போகாது. ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர், புது மனைவி கேதரினோடு இங்கே வந்து, 1502இல் பதினைந்து வயதில் இதே கோட்டையில் செத்துப்போனான். அவன் முழு ஆயுளும் 34 விநாடி. அந்தக் கேதரினைத்தான் பிற்பாடு தம்பி எட்டாம் ஹென்றி கட்டிக்கொண்டு, பிறகு வேண்டாம் என்று ரோமாபுரியோடு சண்டை போட்டான். அதற்கு முன்னால் ஐந்தாம் எட்வர்ட் சிறுவனாக இங்கே பத்து வருஷம் வளர்ந்தான். 23 விநாடி. அந்த நேரத்தில் நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். 1483இல் அப்பா செத்த செய்தி வந்து, பட்டம் கட்டிக்கொள்ள லண்டன் போனவன் திரும்பவேயில்லை. பிளாசி முதல் 1947 வரை வெள்ளைக்காரன் நம்மை ஆண்டது 7 நிமிடம் சொச்சம். எங்கள் குடும்பம் கழிவறைக்குப் போய்வந்ததே அதைவிட அதிகம்.

அதோடு விட்டேனா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்கிளிஃப் மேட்டுப் பாறைகள் 42 கோடி ஆண்டுக்கு முந்தியவை. அன்றைக்கு அங்கே கடல். பூமியின் வயதில் ஒரு காலத்துக்கே 'லட்லோ' என்றுதான் புவியியலில் பெயர். அதை இதே வேகத்தில் பார்ப்பதென்றால் முப்பது வருஷத்துக்குப் பார்க்கிங் சீட்டு வேண்டும். பையனிடம் சொன்னேன். "அப்பா, நடங்கப்பா" என்றான்.

கோட்டையில் இன்னொரு எரிச்சல். ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். தலைவர்கள் இறந்தால் நாம் கடைசி மரியாதைக்கு வரிசை கட்டும் ராஜாஜி ஹால், திப்புவை ஜெயித்த பெருமைக்காக அவர் காலத்தில் எழுந்த விருந்து மண்டபம்தான். ஊர் திரும்பிய அந்தப் புண்ணியவான், 1811இல் லட்லோ கோட்டையை விலைக்கு வாங்கினார். யார் வீட்டுப் பணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நியாயமாக என்னிடம் நுழைவுக் கட்டணமே கேட்டிருக்கக் கூடாது. இந்த வாதத்தை வாசலில் எடுத்து வைக்க வாய் வரைக்கும் வந்தது. மூத்த குடிமக்கள் சலுகை உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

புனித லாரன்ஸ் தேவாலயத்தில் பாடகர் குழு இருக்கைகளை மடக்கித் தூக்கினால் அடியில் மரச்சிற்பங்கள். ஒன்றில், அளவைக் குறைத்து ஊற்றிய சாராயக்காரி. பேய் ஒன்று அவளைத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு நரகத்துக்குப் போகிறது. அந்த நிலைமையிலும் கையில் பொய்யளவுக் குவளையை விடவில்லை. ஒரு பேய் குற்றப்பட்டியல் வாசிக்கிறது, இன்னொன்று பைக்குழல் ஊதுகிறது. என் மனைவி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "ஒரு ஆழாக்கு குறைச்சதுக்கு மேளதாளத்தோட தூக்கிண்டு போறான். நம்ம தெரு மண்ணெண்ணெய்க்காரன் நிம்மதியா செத்தான்" என்றாள்.

கடைசியாக டின்ஹாம் பாலத்தைத் தாண்டி விட்கிளிஃப் மேட்டில் மூச்சு வாங்க ஏறினோம். திரும்பிப் பார்த்தால் கோட்டை, தேவாலயக் கோபுரம், ஓட்டுக் கூரைகள், பின்னால் கிளீ குன்று. நான் சொல்ல வந்தது இந்த இடத்தில்தான். அங்கே நின்றுகொண்டிருந்தபோது

அலாரம் அடித்தது.

ஸ்டோக்சேயை ஓடும் காரிலிருந்தே கவர் பண்ணினோம். லட்லோ கம்பளி வியாபாரி ஒருவர் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை வீடு. ஆசைப்பட்டுக் கட்டிய மனிதர் 1294இல் கம்பளி ஏற்றிய கப்பலோடு கடலில் மூழ்கிப்போனார். என் மனைவி எடுத்த படத்தில் ஜன்னல் கண்ணாடியும் என் காதும் தெளிவாக விழுந்திருக்கின்றன.

இன்று காலை மூன்றாம் மாடிக்காரர் மடிக்கணினியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். மே மாதம் மகளிடம் போகிறாராம். எக்செல்லில் நாற்பத்திரண்டு ஊர். "நீங்க சொன்னீங்களேன்னு லட்லோவையும் சேர்த்துட்டேன் சார். எவ்வளவு நேரத்துல முடிக்கலாம்?"

இதுதான் சமயம், அந்தப் பதிலைச் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் விரல் கட்டத்தின்மேல் காத்திருந்தது.

"ஒண்ணே முக்கால் மணி நேரம்" என்றேன்.

தட்டிக்கொண்டார். "பார்க்கிங் சேர்த்தா, சேர்க்காமலா?"