‘இங்கு அரசியல் பேசாதீர்’: திருப்பாப்புலியூர் டீக்கடைப் பலகை குறித்த ஓர் ஆய்வு

கடை வைத்திருப்பவர் வாடிக்கையாளரிடம் தம் அரசியலைச் சொல்லலாமா என்பதே இவ்வாய்வின் பொருள். களம், கடலூரில், ஏடுகளில் திருப்பாதிரிப்புலியூர் என்றும் ஊர் வாயில் திருப்பாப்புலியூர் என்றும் வழங்கும் பகுதியில் லாரன்ஸ் ரோடும் பேருந்து நிலையச் சுற்றுப்புறமும். மஞ்சக்குப்பம் ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. பேச்சுக்குப் பேர்போன எழுத்தாளர் ஜெயகாந்தன் பிறந்த இடம் அது. அங்கே பேச்சை அளக்க நம்மிடம் கருவி இல்லை.

முதலில் வரலாற்றுப் பின்புலம். கருத்து மாறியதையும் கருத்துச் சொன்னதையும் இவ்வூர் எப்படி நடத்தியது என்று பார்த்தால், கடைக்காரரின் அச்சம் விளங்கும். ஏழாம் நூற்றாண்டில் சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய நாவுக்கரசரைப் பல்லவ மன்னன் கல்லில் கட்டிக் கடலில் போட்டான் என்கிறது பெரியபுராணம். அவர் கரையேறிய இடம் இது. 1918 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து பிரிட்டிஷ் எல்லைக்குள் கால்வைத்த பாரதியைக் கடலூரில் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். 1944ல் பெரியார் மீது செருப்பு வீசப்பட்டதும் கடலூரில்தான். 1972ல் அவருக்குச் சிலையும் வைத்தார்கள். கல், சிறை, செருப்பு. சிலை கிடைக்க இருபத்தெட்டு ஆண்டு ஆகிறது. டீ விற்பவரால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. ஆகவே பலகை மாட்டுகிறார் என்பது நமது முதல் கருதுகோள்.

கருதுகோள் நிற்கவில்லை. பாய்லருக்கு மேலே, சாமி படத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் நடுவில், ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற அறிவிப்புக்குப் பக்கத்திலேயே அரசியல் பேசாதீர் பலகை தொங்குகிறது. அதற்கு நேர் கீழே பெஞ்சு. பெஞ்சில் தினத்தந்தி தாள்தாளாகப் பிரிந்து கிடக்கிறது: முதல் பக்கம் ஒருவர் கையில், மாவட்டச் செய்தி இன்னொருவர் கையில், நடுப்பக்கம் வடை எண்ணெய் ஒற்ற. அரசியல் வேண்டாம் என்பவர் காசு கொடுத்துப் பேப்பர் வாங்கிப் போடுவானேன்?

விடை பெஞ்சின் பொருளாதாரத்தில் இருக்கிறது. நால்வர் உட்காரும் பெஞ்சு. ஆளுக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு, கூட்டணியில் யாருக்கு எத்தனை சீட்டு என்று பங்கு பிரிக்கத் தொடங்குகிறார்கள். கிளாஸ் காய்ந்து ஈ மொய்க்கிறது. பண்ருட்டி பஸ்ஸுக்கு நிற்பவர் உட்கார இடமில்லாமல் அடுத்த கடைக்குப் போகிறார். அப்போதுதான் மாஸ்டர் பலகையைக் கரண்டியால் சுட்டுகிறார். அதே நால்வர் இன்னொரு டீயும் பஜ்ஜியும் சொன்னால், “என்னண்ணே, இந்தத் தடவை நம்ம தொகுதி யாருக்கு?” என்று அவரே ஆரம்பித்து வைக்கிறார். ஆகவே பலகை தடுப்பது அரசியலை அல்ல, இருக்கையை. இதை முன்னாய்வாளர் எவரும் கவனிக்காதது வியப்பு. முன்னாய்வாளர் எவரும் இல்லை என்பது வேறு விஷயம்.

வாயைத் திறந்தே வியாபாரம் செய்தவர்கள் உண்டா? உண்டு. 1906ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி டிக்கெட்டோடு அரசியலையும் சேர்த்தே விற்றது. எதிரே வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு சும்மா ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பார்கள். தமிழகத்து இலவசங்களின் வரலாற்றை எழுத இருப்பவர்கள் இந்தக் குடையிலிருந்து தொடங்கலாம். வ.உ.சி. 1908ல் சிறைக்குப் போனார், கம்பெனி மூழ்கியது.

அதே ஆண்டு தூத்துக்குடியில் கோரல் ஆலை வேலைநிறுத்தம். சுதேசிகளுக்கு எதிராகப் பேசிய வக்கீல் ஒருவரைப் பாதிச் சவரத்தோடு விட்டுவிட்டு நாவிதர் எழுந்து போனார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். வாடிக்கையாளரிடம் அரசியல் கருத்து இதைவிடத் தெளிவாகச் சொல்லப்பட்டதில்லை. ஆனால் கவனியுங்கள், அவர் எழுந்து போனார். இன்றைய சலூனில் நிலைமை வேறு. கழுத்தில் துண்டு, தாடையில் நுரை, தொண்டைக்குழியில் பிளேடு, “இவனுங்க சரியில்ல சார், என்ன சொல்றீங்க?” என்று கேள்வி வருகிறது. கிடைக்கும் சம்மதத்தைக் கருத்துக் கணிப்பில் சேர்க்க முடியாது.

கூட்டாகச் சொல்வதும் உண்டு. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தன. பன்னீர் சோடாவுக்குத் திடீர் மரியாதை வந்தது. வெயில் ஏற ஏற வாடிக்கையாளர் பழையதையே கேட்டார், கடைக்காரரும் எடுத்துக் கொடுத்தார். இதில் நான் வணிகரைக் குறை சொல்லமாட்டேன். சரக்கை மறுத்தார்களே தவிர ஆளை மறுக்கவில்லை. கொள்கைக்கான நட்டமும் அவர்கள் கணக்கில்தான். அந்த அளவுகோலில் பார்த்தால் டீக்கடைக்காரர் பேசுவதிலும் தப்பில்லை: பிடிக்காதவர் அடுத்த கடைக்கு நடந்துவிடலாம்.

ஆகவே ஆய்வின் முடிபு: நட்டத்தைத் தானே ஏற்பவர் கல்லாவில் இருந்தபடி எந்தக் கட்சியையும் பேசலாம், டீக்கடையில் இரண்டாவது டீ கட்டாயம், சலூனில் மட்டும் பிளேடைக் கீழே வைத்த பிறகே வாக்கெடுப்பு செல்லும்.