தீவு விட்டுத் தீவு

அந்தமானில் குடும்பத்தோடு களித்துவிட்டு மழைக்காலத்தில் கொல்கத்தா திரும்புகிறவர்களுக்கு மனச்சோர்வு என்பதே கிடையாது. நகரம் அத்தனை கரிசனமானது.

ஹூக்ளி ஆற்றில் ஓதம் ஏறினால் வடிகால் மதகுகளை மூடிவிடுவார்கள். மழைநீர் நகரின் தந்தனியா காளி கோயில் பக்கத்துத் தெருக்களில் பொறுமையாகக் காத்திருக்கும். அந்தமானின் ராதாநகர் கடற்கரையில் மடித்துவிட்ட கால்சட்டையை இறக்கிவிடத் தேவையில்லை. படகுக்குப் பதில் கை ரிக்‌ஷா. கட்டணமும் சுற்றுலாத்தலத்துக்கு உரியதுதான்.

2018-ல் அந்தக் கடற்கரை இருக்கும் ஹேவ்லாக் தீவைச் சுவராஜ் தீவாக்கியவர்கள் இந்தத் தந்தனியாப் பேட்டைக்கும் ஒரு பெயர் யோசிக்கலாம்.

மத்திய அரசு ஊழியர்கள் சொந்த ஊருக்கான பயணச் சலுகையை அந்தமானுக்கு மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. தந்தனியாக்காரருக்கு அந்த விண்ணப்பமே வேண்டாம். சொந்த ஊர் என்ற கட்டத்தை நிரப்பினால் போதும். தணிக்கையாளரே முழங்கால் நீரில் வந்து கையெழுத்திடுவார்.