மையித்துக்கு மூச்சு வாங்குது

எங்கள் குறும்படத்துக்குத் தயாரிப்பாளர் என்று யாரும் கிடையாது. கடன் கொடுத்தவர்கள்தான் உண்டு. கதையும் கடனைப் பற்றியதே. அதனால் கொடுத்தவர்களையே நடிக்கவும் வைத்துவிட்டால், சல்லியைக் கேட்டு அவர்கள் வீட்டுக்கு வருகிற காட்சியைத் தனியாக எழுத வேண்டியதில்லை என்பது டைரக்டரின் பொருளாதாரக் கொள்கை.

டைரக்டர் என் தங்கச்சி மகன். கொழும்பில் எதையோ படித்து முடித்து, ஒரு லெப்டொப்போடும் தோள்வரை வளர்ந்த தலைமயிரோடும் கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணிக்குத் திரும்பியிருந்தான். "டார்க் கொமெடி எடுக்கப் போறன்" என்றான்.

"அதுல கலியாணம் வருமா மகன்?" என்று தங்கச்சி கேட்டது.

"இல்லம்மா, மவுத்து வரும்."

"அப்ப சிரிப்பு எங்க வரும்?"

"மவுத்துலதான்."

தங்கச்சி அன்று பின்னேரமே மகனுக்கு ஓதிப் பார்க்க ஆள் தேடத் தொடங்கிவிட்டது.

கதை என்னவோ எனக்குப் பிடித்திருந்தது. எங்களிடையே இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் மையித்தின் மகனோ தம்பியோ முன்னுக்கு வந்து, வாப்பா யாருக்காவது கடன் கொடுக்க இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு என்று அறிவிப்பது வழக்கம். சபை மரியாதையாகப் பேசாமல் நிற்கும். மருமகனின் கதையில் சபை பேசாமல் நிற்காது. பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்குவார். அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு பற்றுக் கொப்பியோடு ஒரு சில்லறைக் கடைக்காரர், பசுமாடு விற்றவர், சீட்டுக் கட்டியவர். வரிசை கேற்றைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும். வெயில் ஏறும். மகன் வியர்ப்பான். மையித்து காத்துக் கிடக்கும். இவ்வளவுதான். கை தூக்கக்கூடிய ஆட்கள் ஊரில் நிறையப் பேர் இருந்ததால் நடிகர் பஞ்சமும் இல்லை. தொழுகையைப் படம்பிடிப்பதில்லை, அறிவிப்போடு நிறுத்திவிடுவது என்று ஊர்ப் பெரியவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தோம். அதைக் கடைசிவரை காப்பாற்றினோம். இந்தப் படத்தில் நாங்கள் காப்பாற்றிய ஒரே வாக்கு அது.

கமராக்காரர் ஊரில் கலியாண வீடியோ எடுப்பவர். நல்ல மனிதர். ஆனால் யார் அழுதாலும் முதலில் கைவளையலைத்தான் நெருங்கிக் காட்டுவார். மையித்தின் முகத்தை எடுக்கச் சொன்னால் சுற்றிவர ஒரு வட்டமடித்து, மாப்பிள்ளையை எடுப்பதுபோல் கீழேயிருந்து மேலே போவார். அவரிடம் ஒரு ட்ரோனும் இருந்தது. கிண்ணியாவுக்கு அக்கரையில் சீனன்குடா விமானப்படைத் தளம், அதற்கப்பால் திருகோணமலைக் கடற்படை முகாம். அனுமதி இல்லாமல் ட்ரோனைப் பறக்கவிட்டால் எங்கள் படம் உண்மைச் சம்பவமாகிவிடும் என்று நான் சொன்ன பிறகு அது பெட்டியிலேயே இருந்தது.

மையித்தாக நடிக்க ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. திருடனாக, கஞ்சனாக, கடன்காரனாக நடிக்க வரிசை கட்டியவர்கள், வெள்ளைத் துணியைக் கண்டதும் வயல்வேலை இருப்பதாகச் சொன்னார்கள். கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், பகலில் படுத்துக் கிடந்து பழக்கம் உள்ளவர், இனிச் சம்பளம் உயரப் போவதில்லை. இவையே என் தகுதிகள்.

பயிற்சிக்காக மருமகன் எனக்கு ஒரு ஹிந்திப் படம் போட்டுக் காட்டினான். குந்தன் ஷா எடுத்த 'ஜானே பீ தோ யாரோ', 1983. இந்திய அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் போட்ட காசு, மொத்தமே ஏறக்குறைய 7 லட்சம் ரூபாய். அதில் சதீஷ் ஷா ஊழல் கமிஷனர் டிமெல்லோ. உயிரோடு இருக்கும்போது அவருக்கு அவ்வளவு வேலையில்லை. செத்த பிறகுதான் உழைப்பு. சவப்பெட்டியோடு தெருவில் உருளுகிறார். குடிபோதையில் வரும் ஓம் பூரி சவப்பெட்டியைக் கார் என்று நினைத்து அவரோடு கதைக்கிறார். முடிவில் மகாபாரத நாடக மேடையில் பிணத்துக்குச் சேலை கட்டித் திரௌபதி ஆக்கிவிடுகிறார்கள். அந்த மேடையில் துச்சாதனனாக நிற்பவர் படத்தின் தயாரிப்பு நிர்வாகத்தைப் பார்த்த விது வினோத் சோப்ரா. நடிகருக்குச் சம்பளம் மிச்சம். நஸீருத்தீன் ஷா தன் சொந்தக் கமராவைக் கொண்டுவந்து அதையே படத்தில் மாட்டிக்கொண்டு நடித்தார். அது களவும் போனது. இதைக் கேட்டதிலிருந்து எங்கள் கமராக்காரர் தொழுகைக்குப் போகும்போதும் கமராவைத் தோளில் கொண்டுபோனார்.

சதீஷ் ஷாவைப் பார்த்துத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் பைத்தியக்காரத்தனம் செய்தாலும் பிணம் மட்டும் தன் கண்ணியத்தை விடக்கூடாது. அந்த மனிதர் கண்ணிமையைக்கூட அசைக்கவில்லை. என் பிரச்சினை வேறு. என் வயிறு ஏறி இறங்கியது. "மாமா, மூச்சு விடாதீங்க" என்றான் மருமகன். "சேர், மெதுவாவாவது விடுங்க" என்றார் கமராக்காரர். டைரக்டரையும் கமராவையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த உயிரோடிருக்கும் மனிதனால் முடியாது.

மையித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கு விஷயம் இன்னொரு கூத்து. நிஜமான சந்தூக்கை நடிப்புக்குத் தரமுடியாது என்றார்கள். நியாயம்தான். தச்சரிடம் புதிதாகச் செய்வித்தோம். அவர் அளவெடுக்க வந்தபோது என்னை நிற்கவைத்து எடுக்காமல் படுக்கவைத்துத்தான் எடுத்தார். "பொறவு உதவும்" என்றார்.

களப்போரத் தெருவில் என்னைத் தூக்கிக்கொண்டு போகும் காட்சி. நான்கு பேர் தோள்கொடுக்க, ஆறேழு பேர் பின்னால் வர வேண்டும் என்று திட்டம். தெரு முனை திரும்பியதும் சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கினார். ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்தினார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ஜனாஸாவுக்குப் பின்னால் போவது நன்மை; அதற்குத் தோள்கொடுக்க எங்கள் ஊரில் யாரும் அழைப்புக் கேட்பதில்லை. சற்று நேரத்தில் எங்கள் நடிகர்கள் நான்கு பேரும் ஒதுக்கப்பட்டு, நான் முன்பின் ஒத்திகை பார்க்காத தோள்களில் போய்க்கொண்டிருந்தேன். மருமகன் "கட்! கட்!" என்று கத்தினான். மையித்துக்குப் பக்கத்தில் என்ன சத்தம் என்று அவனுக்கு ஏச்சு விழுந்தது.

என் தலைமாட்டில் ஒரு குரல். "ஆரு மவுத்து?"

"சேர்" என்று யாரோ என் பெயரைச் சொன்னார்கள்.

"நேத்துத்தானே என்னோட தேத்தண்ணி குடிச்சாரு!" என்று அந்த மனிதர் உருகினார். என் குணங்களைச் சொல்லத் தொடங்கினார். அதில் சிலது எனக்கே புதிது. எழுந்துவிடலாம் என்று நினைத்தவன், இன்னும் கொஞ்சம் கேட்போம் என்று கிடந்தேன். பிறகு அவர் தழுதழுத்துச் சொன்னார்: "எனக்கு ஒரு ஐயாயிரம் தரணும். அத நான் மன்னிச்சிட்டன்." கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து, மூச்சை அடக்கிய நெஞ்சு தாங்காமல் எனக்குத் தும்மல் வந்தது.

அதன்பின் நடந்ததை விவரிக்க வேண்டாம். எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டோம். ஐயாயிரக்காரர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, "மன்னிச்சது மையித்துக்கு. உங்களுக்கு இல்ல" என்று திருத்தம் சொன்னார். மறுநாள் 'படப்பிடிப்பு' என்று பெரிய பலகை எழுதி முன்னால் பிடித்துக்கொண்டு போனோம். ஒரு ஈ காக்கை சேரவில்லை.

ஒலிப்பதிவு, மைக்கைத் தூண்டில் கம்பில் கட்டிப் பிடித்த ஒரு பொடியனின் பொறுப்பு. மகன் வாப்பாவின் காலடியில் விழுந்து கதறும் காட்சியில் பாண் வண்டி வந்தது. இலங்கையில் பாண் விற்கும் முச்சக்கர வண்டிகள் பீத்தோவனைப் போட்டுக்கொண்டு வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எத்தனை தரம் எடுத்தாலும் அவன் கதறும் இடத்துக்கு பீத்தோவன் தவறாமல் வந்து சேர்ந்தார். வெறுத்துப்போன மருமகன், "வசனமே இல்லாம எடுத்திடுவம் மாமா, 'பேசும் படம்' மாதிரி" என்றான்.

1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்த அந்தப் படத்தில் கமலஹாசனும் அமலாவும் ஒரு சொல் பேசமாட்டார்கள். வசனம் இல்லாததால் பெயரை மட்டும் மாற்றி ஐந்து மொழிகளில் விட்டார்கள். ஆனால் அது சத்தம் இல்லாத படமல்ல. தியேட்டர் இரைச்சலுக்குப் பக்கத்தில் குடியிருந்து பழகிய நாயகனுக்கு ஆடம்பர ஹோட்டலில் தூக்கம் வராது. அந்த இரைச்சலை டேப்பில் பிடித்துவந்து போட்டுக் கேட்டுத்தான் தூங்குவான். கொலைகாரன் பனிக்கட்டிக் கத்தியோடு திரிவான். குத்தப் போகும் நேரத்தில் அது உருகிவிடும். இவ்வளவையும் பேச்சில்லாமல் விளங்கவைக்க எல். வைத்தியநாதனின் இசையும் தோட்டா தரணியின் கலையும் வேண்டியிருந்தன. எங்களிடம் இருந்தது தூண்டில் கம்பு. கடன் அறிவிப்பை ஊமைச் சைகையில் எப்படிச் செய்வது என்று கேட்டேன். மருமகன் பாண்காரரிடம் போய் நேரம் பேசிக்கொண்டு வந்தான்.

வசனத்திலும் ஒரு சண்டை இருந்தது. அவன் எழுதிவந்ததில் எங்கள் சில்லறைக் கடைக்காரர் சென்னை ரவுடி மாதிரிப் பேசினார். இந்தியப் படம் பார்த்தே வளர்ந்த தலைமுறை. 1976இல் வந்த 'கோமாளிகள்' இலங்கைத் தமிழ்ப் படம், வானொலி நாடகத்திலிருந்து பிறந்தது. அதில் ராமதாஸ் மரிக்காராக முஸ்லிம் தமிழ் பேசினார், அப்துல் ஹமீத் ஐயராக வந்தார், நாடு சிரித்தது என்று நான் சொன்னேன். வேறு வீட்டுத் தமிழையே அவ்வளவு அழகாகப் பேசியவர்கள் இருந்த நாட்டில், சொந்த வீட்டுத் தமிழைப் பேச உனக்கென்ன கூச்சம்? அதன்பிறகு கடைக்காரர் தன் வாயாலேயே பேசினார். படத்தில் நன்றாக வந்த இடமும் அதுதான்.

ஒரு காட்சியை எல்லாருமாகச் சேர்ந்து வெட்டினோம். மையித்தைத் தண்ணீர் வழியாகக் கொண்டுபோனால் அழகாக இருக்கும் என்றார் கமராக்காரர். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 காலை, குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். அந்தத் தண்ணீரை வைத்து எவரும் சிரிப்புக் காட்டக்கூடாது. "தெருவாலேயே போவம்" என்றான் மருமகன். அன்றைக்கு அவன் டைரக்டர் ஆகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தை ஒரு வளவில் வெள்ளை வேட்டி கட்டிக் காட்டினோம். முதல் கை உயர்ந்தபோது சிரித்தார்கள். மூன்றாவது கைக்குப் பிறகு சிரிப்பு குறைந்து, ஆளை ஆள் பார்க்கத் தொடங்கினார்கள். ஐயாயிரக்காரர் திரையைப் பார்க்கவேயில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வேண்டுகோள். சந்தூக்கு இப்போது எங்கள் வளவில் கிடக்கிறது. தங்கச்சி அதை வீட்டுக்குள் எடுக்க விடவில்லை; கோழி அதில் முட்டையிடுகிறது. கிண்ணியா, மூதூர், திருகோணமலைப் பக்கம் யாராவது மவுத்து வருகிற படம் எடுத்தால் இலவசமாகத் தருகிறேன். பகலில் வாருங்கள், சொந்த வாகனத்தோடு வாருங்கள், 'படப்பிடிப்பு' பலகையையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். ஐயாயிரம் ரூபாய் நன்கொடை தந்தால் மறுக்கமாட்டேன்.