மணிக்கு 78 கிலோமீட்டர்

நம் நாட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ள இருக்கிற வசதி, குற்றமே செய்யவில்லை என்று சொல்ல இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 208-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சின்னக் குற்றங்களுக்குக் கோர்ட் பக்கமே வர வேண்டாம். சொன்ன தொகையை மணியார்டரில் அனுப்பி, அந்தக் கூப்பனிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் போதும் என்கிறது. "நலம், நலமறிய ஆவல். சிவப்பு விளக்கைத் தாண்டியது நான்தான். பெரியவர்களுக்கு நமஸ்காரம்." இப்படி ஒரு கூப்பன் எந்த மாஜிஸ்திரேட்டுக்காவது போயிருக்குமா என்று நான் யோசித்ததுண்டு. நிரபராதிகளுக்கு அந்தக் கூப்பனில் இடமில்லை. அவர்கள் நேரில் வர வேண்டும், அல்லது வக்கீல் வைக்க வேண்டும்.

இந்தச் சட்ட ஞானமெல்லாம் எனக்கு ஒரு குறுஞ்செய்தியால் வந்தது. என் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி மணிக்கு 78 கிலோமீட்டர் வேகத்தில் போனதாம். 1,000 ரூபாய் அபராதமாம். சென்னையில் 2023 நவம்பரிலிருந்து இருசக்கர வாகனங்களுக்கு 50, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று வேக வரம்பு. என் வண்டி நாற்பதைத் தொட்டாலே கைப்பிடியிலிருந்து என் பல்வரை எல்லாம் ஆடும். மேம்பாலம் ஏறும்போது நான் இறங்குவதில்லையே தவிர, மனசுக்குள் தள்ளிக்கொண்டுதான் போவேன்.

உண்மையைச் சொன்னால், முதலில் கோபம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டினேன். விற்றுக் கொடுக்கச் சொல்லி அவரிடம் ரொம்ப நாளாகச் சொல்லி வைத்திருந்த வண்டி. அவர் அதை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கார்புரேட்டர் நான் கிளீன் பண்ணதுதான் சார்" என்றார் அடக்கமாக.

கேமரா எடுத்த படத்தைப் பார்த்ததும் பெருமை போயிற்று. அதில் இருந்தது ஒரு பெரிய பைக். ஓட்டுகிற பையனுக்குக் கழுத்துவரை முடி. என் தலையைத் தெரிந்தவர்களுக்கு வேறு சாட்சியமே வேண்டாம். நம்பர் பிளேட்டின் ஓரத்தில் ஜல்லிக்கட்டுக் காளை, நடுவில் வளைத்து நெளித்து எழுதிய எண்கள். எது 3, எது 8 என்று ஒட்டிக் கொடுத்த ஸ்டிக்கர் கடைக்காரரே சொல்லியிருக்க மாட்டார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகளுக்கு உயர்பாதுகாப்புத் தகடு கட்டாயமாகிவிட்டதால், இந்தக் கலையைப் பழைய வண்டிக்காரர்கள்தான் அழியாமல் காப்பாற்றி வருகிறார்கள். கேமரா தனக்குத் தோன்றியபடி படித்தது. படித்தது என் எண்ணாகப் போயிற்று.

"கட்டித் தொலைச்சிடுங்க" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். லீவு, ஆட்டோ, ஜெராக்ஸ், மத்தியானச் சாப்பாடு என்று கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டுமாம். தாண்டத்தான் செய்தது. மச்சினன் ஒருபடி மேலே போய், "திருப்பதி உண்டியல்ல போட்டதா நினைச்சுக்கோங்க மாமா" என்றான். உண்டியலில் போட்டால் பாவம் போகும். இங்கே பணமும் கொடுத்துப் பாவத்தையும் வாங்கிக்கொள்ளச் சொல்கிறான்.

எதிர்வீட்டு வக்கீல் ஒருவர்தான் சண்டை போடச் சொன்னார். அவர் சிவில் வக்கீல். 1990-களில் எடுத்த பாகப்பிரிவினை வழக்கு ஒன்று அவரிடம் இன்னும் நடக்கிறது. காலம் என்பதைப் பற்றி அவர் கருத்தே வேறு. 2021-இல் வந்த 167-ஏ விதியை எடுத்துப் படித்தார். கேமரா பிடித்த குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கருவி அளந்த வேகம், இடம், நேரம், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ், தெளிவான படம் எல்லாம் வேண்டும் என்றிருந்தது. "படம் தெளிவா இல்லைன்னு அடிக்கலாமே?" என்றார்.

"ரொம்பத் தெளிவா இருக்கு சார். நான் இல்லைங்கறது அதுலதான் தெரியுது."

மெய்நிகர் நீதிமன்றத்தின் இணையதளத்தில் இரண்டு வழி. அபராதத்தைக் கட்டுகிறேன் என்று அழுத்தினால் நொடியில் பிரச்சினை முடிந்து நீங்கள் கௌரவமான குற்றவாளி ஆகிவிடலாம். வழக்காடுகிறேன் என்று அழுத்தினால் விஷயம் செங்கல் கட்டிடக் கோர்ட்டுக்கு மாறிவிடும். நான் இரண்டாவதை அழுத்தினேன்.

கோர்ட் வராந்தாவில் உட்கார இடமில்லை. குடித்துவிட்டு ஓட்டியதற்குப் பத்தாயிரம் கட்ட வந்தவர் ஒருவர் விசாரித்தார்.

"என்ன கேஸு?"

"ஸ்பீடு."

"எவ்ளோ?"

"எழுபத்தெட்டு."

"என்னா வண்டி?"

சொன்னேன். அவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் போனார்கள், "ஒத்துக்கிறேங்க" என்றார்கள், பணம் கட்ட நகர்ந்தார்கள். தலைமுடி வெட்டும் கடையில்கூட வரிசை அத்தனை வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. என் முறை வந்தது. "இல்லைங்கம்மா, நான் செய்யலை" என்றேன். பெஞ்ச் கிளார்க்கின் பேனா நின்றது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், அவர்கள் எல்லாரும் மத்தியானத்துக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் என்பது தெரிந்தது. சாட்சி வரவில்லை என்று வாய்தா போட்டார்கள். கண்ணால் கண்ட சாட்சி கேமரா. அது கம்பத்தை விட்டு எப்படி வரும்?

சில வாய்தாக்கள் கழித்து ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குறிப்பாக நெற்றிக்கு மேலே பார்த்தார். பிறகு தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

மாஜிஸ்திரேட் அம்மா ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "வண்டி எங்கே?" என்றார்.

"கீழே நிக்குதும்மா."

ஜன்னல் பக்கம் இருந்த ஒரு ஜூனியர் வக்கீல் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததும் பக்கத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் கட்சிக்கு அதைவிட நல்ல வாதம் கிடையாது. ஆனாலும் முகம் சுண்டிவிட்டது.

"இது எவ்வளவு வேகம் போகும்?"

இத்தனை வருஷம் என்னையும் அரிசி மூட்டையையும் சுமந்த வண்டி. அதைப் பற்றி ஊர் முன்னால், ரெக்கார்டில் ஏறும்படி, "நாற்பதுக்கு மேல் போகாதும்மா" என்று நானே சொன்னேன். படமும் எண்ணும் பொருந்தவில்லை என்று எழுதி என்னை விடுதலை செய்தார்.

தீர்ப்பு நகலோடு நேராக மெக்கானிக்கிடம் போனேன். படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"ஏன் சார் ஜெயிச்சீங்க? போலீஸே 78-ன்னு எழுதின பேப்பரைக் காட்டி ஒரு பார்ட்டிகிட்ட பதினஞ்சாயிரம் பேசி வெச்சிருந்தேன். இனிமே ஏழாயிரம்கூடத் தேறாது."