ஒரு டாலர் மனை

1890களில் வில்லியம் லவ் என்றொரு கனவான் நயாகரா நீர்வீழ்ச்சிப் பக்கம் கால்வாய் வெட்டி, மின்சாரம் எடுத்து, மாதிரி நகரம் எழுப்பப் புறப்பட்டார். பாதியிலேயே பணம் கரைந்தது. மின்சாரத்தைக் கம்பி வழியே தொலைதூரம் அனுப்பும் வித்தையும் வந்துசேர, ஆலைகள் அருவிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டிய அவசியம் போய், திட்டம் ஊத்திக்கொண்டது. நகரம் கிடைக்கவில்லை, பள்ளம் கிடைத்தது. அதன் பெயர் லவ் கெனால்.

காலிப் பள்ளத்தைப் பார்த்தால் தொழிற்சாலைக்குக் கை சும்மா இருக்குமா? 1942 முதல் 1953 வரை ஹூக்கர் கெமிக்கல் கம்பெனி சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவை டிரம் டிரம்மாக உள்ளே தள்ளியது. சுத்திகரிப்பு? மேலே களிமண் போட்டார்கள், ஆயிற்று!

அடுத்து கம்பெனிக்குத் தர்ம சிந்தனை பிறந்தது. பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்குக் கிரயம். உள்ளே கழிவு இருக்கிறது, நாளைக்கு எது நடந்தாலும் எங்களைக் கேட்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிட்டார்கள். தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? வாரியம் பார்க்கவில்லை. மாடே பல்லைக் காட்டியது: பள்ளிக் கட்டட வேலையின்போது டிரம் குழி தென்பட்டது. வாரியம் அசரவில்லை; கட்டடத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டது. 1955இல் மணி அடித்தது, பிள்ளைகள் வந்தார்கள், சுற்றிலும் வீடுகள் முளைத்தன.

1970களின் மழையும் பனியும் புதைத்ததையெல்லாம் வீடுகளின் நிலவறைக்கே கொண்டுவந்து சேர்த்தன. மகனை அந்தப் பள்ளியில் சேர்த்திருந்த லோயிஸ் கிப்ஸ் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். 1978இல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் அவசரநிலை அறிவித்தார். ஒரு பகுதிக் குடும்பங்களை இடம் மாற்றினார்கள்; எல்லோருக்கும் விடிவு வரவில்லை. 1980 மே மாதம் குடியிருப்போர் இரண்டு சுற்றுச்சூழல் அதிகாரிகளை அறைக்குள் உட்காரவைத்து, வெளியே விட மறுத்தார்கள். இரண்டே நாளில் மீதிக் குடும்பங்களையும் இடம் மாற்ற வெள்ளை மாளிகை சம்மதித்தது. மனு கொடுத்தால் நடக்காதது மறித்தால் நடக்கிறது! ஹூக்கரை வாங்கியிருந்த ஆக்ஸிடென்டல் நிறுவனம் 1995இல் மத்திய அரசுக்கு மட்டும் 12.9 கோடி டாலர் எண்ணி வைத்தது.

1984இல்தான் அமெரிக்கக் காங்கிரசுக்கு ஞானோதயம்: அபாயக் கழிவின் நச்சை அடக்கிய பிறகே புதைக்க வேண்டும். சயனைடா, ஆக்ஸிஜனேற்றம் செய்து உடை. ஆறு இணைதிறன் குரோமியமா, மூன்றுக்கு இறக்கி, சுண்ணாம்பு போட்டு வீழ்படிவாக்கு. உலோகச் சேறா, சிமென்ட்டில் கெட்டிப்படுத்து. கெட்டிப்பட்டதையும் நம்பிவிடாதே: பொடித்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் 18 மணி நேரம் உருட்டி, என்ன கசிகிறது என்று பார்.

மனித சுபாவம் தெரிந்த யாரோ கூடவே இன்னொரு விதியும் சேர்த்தார்கள். தண்ணீர் ஊற்றி அளவைக் குறைத்துக் காட்டினால் அது சுத்திகரிப்பு ஆகாது. பால்காரர்கள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம்.