மாட்டுக்கு மணி, காருக்கு?

கேள்வி: புதுக் கார் வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறேன். ராத்திரி தூக்கமே வரவில்லை. எப்படிக் காப்பாற்றுவது?
- ஒரு வாசகர், மருங்காபுரி

பதில்: மணப்பாறைச் சந்தையில் மாடு பிடித்தவர், கழுத்தில் மணி கட்டி, கயிற்றை முளையில் இறுக்கிவிட்டுத்தான் படுப்பார். காருக்கு மணி, அலாரம். கயிறு, கண்ணில் படும்படி மாட்டிய ஸ்டியரிங் பூட்டு. பொத்தானை அமுக்கிக் கிளப்பும் காரா? சாவியை வாசல் ஆணியில் தொங்கவிடாதீர்கள்; அதன் சிக்னலை வெளியில் நின்றே கருவியால் இழுத்துக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். முறுக்கு டப்பாவே போதும்; சாவி உள்ளே இருக்கும்போது கார் திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். களவு போன மாட்டை அந்தக் காலத்தில் துப்புக்கூலி கொடுத்து மீட்டார்கள். இன்று இன்ஷூரன்ஸ்தான் துணை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், கார் திருடுபோனதற்குப் பைசா வராது. முழுக் காப்பீடு எடுங்கள். மாற்றுச் சாவியையும் தொலைத்துவிடாதீர்கள். இழப்பீடு கேட்டுப் போனால் இரண்டு சாவியையும் கேட்பார்கள்.