டப்பாவில் வாங்கிய பரு

மரக்காணம் உப்பளத்தில் சித்திரை வெயிலில் உப்பு வாரும் பெண்ணின் முகத்தைப் பற்றி எந்த விளம்பரமும் கவலைப்பட்டதில்லை. உச்சியில் வெயில், காலடியில் அதையே திருப்பியடிக்கும் வெள்ளைப் பாத்தி, உப்புநீரில் ஊறி வெடித்த பாதம். வாங்கக் காசில்லாத தோலுக்கு எவன் மாத்திரை கண்டுபிடிப்பான்? அக்கறையெல்லாம் பக்கத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் பறக்கும் கன்னத்துக்குத்தான்.

அந்தக் கன்னத்துக்கு நடக்கும் உபசாரமே தனி. முதலில் உடம்பேற வே புரோட்டீன். பாலிலிருந்து எடுத்த இந்தப் பொடி இன்சுலினையும் வளர்ச்சிக் காரணிகளையும் ஏற்றிவிட, சிலருக்குப் பரு பொங்கும். அசதிக்கு பி12, அது முகத்துப் பாக்டீரியாவின் போக்கை மாற்றிப் பருவைத் தூண்டக்கூடும் என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. ‘இயற்கை’ என்று கடற்பாசி மாத்திரை. அதில் அயோடின் மிஞ்சினால் அதற்கும் பரு. கடைசியில் அதே அலமாரியிலிருந்து பருவைப் போக்கத் துத்தநாகம், பயோட்டின்! துத்தநாகத்துக்காவது கொஞ்சம் ஆதாரமுண்டு. பயோட்டினுக்கு உருப்படியாக ஒன்றுமில்லை. கூரையைக் கொளுத்தியவனே தண்ணீர் விற்க வருகிறான். நாமும் வரிசையில் நிற்கிறோம்.

எழுதியதாவது டப்பாவுக்குள் இருக்கிறதா? இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் பொடிகளைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 70 விழுக்காட்டில் புரோட்டீன் கணக்கே பிசகு.

உப்புக்குச் சட்டம் கறார். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006 முதல் தடை. நல்லதுதான், கழுத்துக்கழலை வராது. அந்தச் சொற்ப அயோடினால் பருவும் வராது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், ‘அயோடின் உப்பால்தான் பரு’ என்று பயங்காட்டி ரோஸ் உப்பு விற்கும் பேர்வழிகள். இமயமலை உப்பாம்! வெட்டியெடுப்பது பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்தில். மரக்காணத்து உப்புக் குவியல்களைக் காரில் கடந்துபோய் அதை வாங்குகிறார்கள், மகாராஜாக்கள்.

டப்பாக்காரனுக்கும் சட்டம் உண்டு. பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு. அவன் கெட்டிக்காரன். முன்பக்கம் பளபளக்கும் கன்னம். பின்பக்கம் எறும்பெழுத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. தேர்தல் அறிக்கை படித்துப் பழகிய நமக்கு இந்த வித்தை புதிதா என்ன?

ஐப்பசி மழையில் அளம் மூழ்கினால் உப்பளத் தொழிலாளிக்கு வேலையில்லை. அந்த மாதங்களைத் தள்ள அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய். வெளிநாட்டுப் பொடியில் பெரிய டப்பா ஒன்று வாங்க அது பல நேரம் போதாது.